மூன்றாவது சேலை முடியும்போது



காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில் தறி ஓட்டுகிற ஒருவரிடம் போய் "உங்களுக்குப் பதற்றமாக இருக்கிறதா?" என்று கேட்டுப் பாருங்கள். கேள்வியே அவருக்குப் பிடிபடாது. எல்லையில் பதற்றம், ஊரில் பதற்றம், போலீஸ் குவிப்பு என்று படித்துப் படித்து, பதற்றம் இன்றைக்குச் செய்தித்தாளின் சொல்லாகிவிட்டது. தன் நெஞ்சுக்குள் நடப்பதை அவரே சொல்லும்போது வேறு சொற்கள் வரும். "மனசு கெடந்து அடிச்சிக்குது." "மாரு படபடங்குது." "வயித்தக் கலக்குது." "கையும் ஓடல, காலும் ஓடல." இவை எதுவும் சரிப்படாவிட்டால், "என்னமோ ஒரு மாதிரியா கீது" என்பார்.

இந்தச் சொற்களைப் பற்றி இம்முறை உங்களோடு பேச ஆசை. கொஞ்ச காலமாக இவை அத்தனையும் "டென்ஷன்" என்ற ஒரே சொல்லுக்குள் போய் அடைபடுகின்றன. தறிக்குழியில் உட்கார்ந்திருக்கும் அம்மா "மாரு அடிச்சிக்குதுடா" என்கிறார். கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்காமல் மகன் "டென்ஷன் ஆவாதம்மா" என்கிறான். பேச்சு அங்கேயே முடிந்துவிடுகிறது. அந்த அம்மாவுக்கு என்ன வேண்டியிருந்தது என்பது யாருக்கும் தெரியாமலே போய்விடுகிறது. படபடப்பு கேட்கும் உதவி வேறு, கவலை கேட்கும் உதவி வேறு. இதை எங்கள் ஊர்த் தறியை வைத்தே சொல்கிறேன்.

பட்டுத் தறியில் ஒரு பாவுக்கு, அதாவது தறியில் ஏற்றும் நீளவாட்டு இழைக்கு, பொதுவாக மூன்று சேலை. பாவு, ஊடைப் பட்டு, ஜரிகை எல்லாம் கூட்டுறவுச் சங்கத்திலிருந்தோ முதலாளியிடமிருந்தோ வரும். நெய்து கொடுத்தால் கூலி. முதல் சேலை தறியில் இருக்கும்போது வீட்டில் பேச்சு கலகலப்பாக இருக்கும். இரண்டாவதில் சீட்டுப் பணமும் பள்ளிக்கூடச் செலவும் கணக்குக்கு வந்துவிடும். மூன்றாவது சேலைக்கு முந்தி போடும் நேரத்தில் வீட்டில் பேச்சு குறையும். ஊடைக்குத் தார் சுற்றிக்கொண்டிருக்கும் மனைவி கேட்கமாட்டார், கணவரும் சொல்லமாட்டார். இருவர் மனதிலும் ஒரே கேள்விதான். அடுத்த பாவு எப்போது?

பாவு வந்துவிட்டால் புது இழை ஒவ்வொன்றையும் பழைய இழையோடு முறுக்கிச் சேர்க்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகள். விரல் வலிக்கும், கண் எரியும், ஆனால் மனசு நிம்மதியாக இருக்கும். "சரக்கு தேங்கிக் கெடக்குது, அடுத்த வாரம் வந்து பாரு" என்று பதில் வந்தால்தான் தொல்லை. பழைய பாவின் மிச்சம் தறியில் அப்படியே தொங்கும். இந்தக் காத்திருப்புக்குப் பெயர் கவலை. இதில் படபடப்பு கிடையாது, நெஞ்சு துடிக்காது. சாப்பாடு இறங்கும், வேலைக்குப் போகலாம், ஆளைப் பார்த்தால் தெரியாது. ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு வரும், அவ்வளவுதான்.

தொண்டை மண்டலத்துப் பெரியவர்களுக்குக் கவலை என்றால் இன்னொன்றும் நினைவுக்கு வரும். பம்புசெட்டு வருவதற்கு முன் மாடு பூட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைத்த ஏற்பாட்டுக்கும் கவலை என்றுதான் பெயர். மாடுகள் சரிவில் இறங்கினால் சால் மேலே வரும். பின்னோக்கி ஏறினால் சால் கிணற்றுக்குள் போகும். பொழுதெல்லாம் நடந்தும் மாடு நிற்பது அதே கிணற்றடியில். பாவுக்குக் காத்திருப்பவரின் மனமும் ராத்திரி முழுக்க அப்படித்தான் போய்ப் போய்த் திரும்பி வருகிறது.

பழைய இலக்கியத்தில் கவலைக்கு வழி பிரியும் இடம் என்ற பொருளும் உண்டு. இன்றைய காஞ்சிபுரத்து இளைஞர்கள் நிற்பது அந்தக் கவலையில். அப்பாவின் தறியில் உட்காருவதா, விடியற்காலையில் ஒரகடத்துக் கம்பெனி பஸ் ஏறுவதா? கம்பெனியில் மாதச் சம்பளம், சீருடை, கேன்டீன் எல்லாம் உண்டு. ஆனால் ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் திறந்த நோக்கியா தொழிற்சாலை 2014இல் மூடப்பட்டதை இந்த மாவட்டம் மறக்கவில்லை. ஆயிரக்கணக்கான பிள்ளைகள் வேலை இழந்தார்கள், அதில் பெண்பிள்ளைகள் ஏராளம். எந்த வழியில் போனாலும் இன்னொரு வழி மனதுக்குள் கூடவே வருகிறது.

படபடப்பு வேறு ரகம். சேலையை அறுத்து மடித்துச் சங்கத்துக்குக் கொண்டுபோகும் நாளில் அதைப் பார்க்கலாம். கோர்வைச் சேலையில் கரை ஒரு நிறம், உடல் ஒரு நிறம். மூன்று நாடா ஓட வேண்டும், பக்கத்தில் இன்னொருவர் இருந்து ஒரு பக்கத்துக் கரைக்கு நாடா தள்ள வேண்டும். கரையும் உடலும் கைகோக்கும் அந்த இடத்தில்தான் நெய்தவரின் கை தெரியும். மேஜையில் சேலையை விரித்து, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை விரலால் நீவிக்கொண்டே போவார்கள். எடை போடுவார்கள். விரல் ஓரிடத்தில் நின்றால் போதும், எதிரில் நிற்பவருக்கு நெஞ்சு படபடவென்று அடிக்கும், உள்ளங்கை வேர்க்கும், நாக்கு ஒட்டிக்கொள்ளும். பழுது என்று எழுதினால் கூலியில் பிடித்துவிடுவார்களே! விரல் நகர்ந்து சீட்டு எழுதியானதும் அந்தப் படபடப்பு போன இடம் தெரியாது. வெளியே வந்து டீ குடிக்கும்போது அவர் சிரிப்பார். பிளஸ் டூ முடிவுக்குக் காத்திருக்கும் பெண்ணுக்கும், மேடை ஏறப்போகும் பையனுக்கும் வருவது இதுதான். உடம்பு தன் வேலையைச் செய்கிறது. பக்கத்தில் ஒருவர் நின்று ஒரு வாய் தண்ணீர் கொடுத்தாலே போதும்.

பதைப்பைப் பார்க்க வேண்டுமானால் விடியற்காலையில் நெசவுத் தெருவுக்கு வர வேண்டும். தெரு நீளத்துக்குப் பாவை இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டு, இழை இழையாகப் பிரித்து உலர்த்துவார்கள். வெயில் ஏறுமுன் முடிக்க வேண்டிய வேலை. அந்த நேரம் பார்த்து நாலு தூறல் விழுந்தால்! குளிக்கப் போனவர் ஈரத் துண்டோடு வருவார், அடுப்பில் பாலை வைத்தவர் அப்படியே விட்டுவிட்டு ஓடி வருவார். யாருடைய பாவு என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். பதைக்கிறவருக்கு அந்த நேரத்தில் ஆறுதல் வார்த்தை எதுவும் தேவையில்லை. பாவின் மறுமுனையைப் பிடிக்க ஒரு கை வேண்டும்.

தவிப்பு என்று இன்னொன்று இருக்கிறது. அது ஆளைத் தேடும்போது வருவது. 2019இல் ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை, 48 நாள், அத்தி வரதர் வைபவம் நடந்தது. 40 ஆண்டுக்கு ஒருமுறை எங்கள் ஊர்க் கோயிலின் அனந்தசரஸ் குளத்திலிருந்து எழுந்தருளும் பெருமாளைப் பார்க்க நாடே இங்கே திரண்டது. அந்தக் கூட்டத்தில் வயதான தாயின் கை நழுவி, சின்னக் காஞ்சிபுரத்து மூலை ஒன்றில் நின்று வருகிற முகத்தையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த மகனுக்கு இருந்தது தவிப்பு. தேடியவர் கண்ணில் பட்டதும் அது தீர்ந்துவிடும்; கூடவே கோபமும் வரும். "எங்கம்மா போய்ட்ட!" என்று கத்துவார்களே, அந்தக் கோபம் தவிப்பின் வால்தான்.

ஐப்பசி, கார்த்திகை வந்தால் எங்கள் ஊரில் இவை எல்லாம் ஒன்றுசேரும். குழித்தறியில் நீர் ஊறும். காற்றின் ஈரத்தில் பட்டு இழை பேச்சுக் கேட்காது. தெருவில் பாவு நீட்ட முடியாது. 2015 நவம்பரிலும் டிசம்பரிலும் பெய்த மழையை இந்த மாவட்டத்தில் யாரும் மறக்கமாட்டார்கள். அதே கார்த்திகையின் ஞாயிற்றுக்கிழமைகளில் கச்சபேஸ்வரர் கோயிலில் கடை ஞாயிறு வழிபாடு நடக்கும். மண் சட்டியில் மாவிளக்கு ஏற்றி, அதைத் தலையில் சுமந்து கோயிலைச் சுற்றி வருவார்கள். மண்டை விளக்கு என்று பெயர். தலை சம்பந்தமான நோய் தீரும் என்பது நம்பிக்கை. தலைக்குள் இருப்பதும் அதில் சேர்த்திதான் என்று விளக்கு எடுக்கும் பெண்களின் முகத்தைப் பார்த்தாலே தெரியும். தீபம் அணையக்கூடாது, சட்டி சாயக்கூடாது, முன்னால் போகிறவர் மேல் இடிக்கக்கூடாது. அந்த ஒரு சுற்று நேரத்துக்கு வேறு நினைப்புக்கு இடமில்லை. இப்படி ஒரு வழிபாட்டை ஏற்படுத்தி வைத்தவர்களை நான் மனதாரக் கும்பிடுகிறேன்.

ஆனால் நெசவாளியின் கவலையை விளக்கோடு மட்டும் விட்டுவிட முடியாது. அதற்குக் காரணம் வெளியே இருக்கிறது, கணக்குப் போட்டுக் காட்டிவிடலாம். பட்டு நூலின் மேல் வெள்ளி இழையைச் சுற்றி, தங்க முலாம் பூசியது அசல் ஜரிகை. சூரத்திலிருந்து வருகிறது, 1971இல் தொடங்கிய தமிழ்நாடு ஜரிகை நிறுவனமும் இங்கேயே தயாரிக்கிறது. வெள்ளி விலை ஏறினால் ஜரிகை ஏறும். ஜரிகை ஏறினால் சேலை ஏறும். சேலை ஏறினால் கல்யாண வீட்டார் ஒன்று குறைத்து எடுப்பார்கள். சரக்கு தேங்கும், பாவு நிற்கும். 2020இல் ஊரடங்கில் முகூர்த்தங்கள் சுருங்கியபோது எத்தனை தறிகள் சும்மா கிடந்தன! விசைத்தறியில் நெய்து காஞ்சிப் பட்டு என்று விற்பது இன்னொரு அடி. கரை போட்ட பட்டுச் சேலையைக் கைத்தறிக்கென்று ஒதுக்கும் சட்டம் 1985இல் வந்தது. அதைக் கண்டிப்பாக நடத்திக் காட்டுங்கள் என்று நெசவாளர்கள் இன்னமும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

இந்த ஊரின் நெசவுக் குடும்பம் ஒன்றில் 1909இல் பிறந்த அறிஞர் அண்ணாவுக்கு இந்தக் கணக்கு தெரிந்திருந்தது. நெசவாளர்கள் வேலையின்றிக் கஞ்சித்தொட்டியை நம்பிக் கிடந்த 1950களின் தொடக்கத்தில், அவரும் கட்சித் தோழர்களும் கைத்தறித் துணியைத் தோளில் சுமந்து தெருத்தெருவாக விற்றார்கள். கவலைக்கு மருந்து கவலையின் காரணத்தில் கைவைப்பதுதான் என்பதை அதைவிடத் தெளிவாக யார் காட்டியிருக்கிறார்கள்? பாவு இல்லாதவரிடம் "கவலைப்படாதீங்க, எல்லாம் சரியாப் போயிடும்" என்று சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. "சங்கத்துல என்ன சொன்னாங்க? நானும் கூட வரட்டுமா?" என்று கேட்கலாம். வரும் தை முகூர்த்தத்துக்குச் சேலை எடுக்கப் போகிறவர்கள் சங்கக் கடைக்கும் கோ-ஆப்டெக்ஸுக்கும் போகலாம். கைத்தறி முத்திரையைக் கேட்டு வாங்கலாம்.

இன்னொரு படபடப்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அதை வீட்டுக்குள்ளேயே மூடி வைக்கிறோம். மேஜையும் இல்லை, விரலும் இல்லை, பரீட்சையும் இல்லை. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே திடீரென்று நெஞ்சு அடிக்கிறது, மூச்சு முட்டுகிறது, கை மரக்கிறது, செத்துப்போய்விடுவோமோ என்று தோன்றுகிறது. சில நிமிடங்களில் உச்சத்துக்குப் போய், பிறகு மெல்லத் தணிகிறது. பயந்துபோய் ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறார்கள். ஓடத்தான் வேண்டும், இதயத்தை முதலில் பார்த்துவிடுவது சரி. தைராய்டு, இரத்தசோகை இரண்டும்கூட நெஞ்சைப் படபடக்க வைக்கும், அதையும் பார்த்துவிடலாம். எல்லாம் நார்மல் என்று சீட்டு வந்ததும், "அதான் ஒண்ணும் இல்லேன்னு சொல்லிட்டாங்களே" என்று வீட்டார் முடித்துவிடுகிறார்கள். அங்கேதான் நான் குறுக்கிட விரும்புகிறேன். இதயத்தில் ஒன்றும் இல்லை என்றுதான் சொன்னார்கள். அந்த மனிதருக்கு ஒன்றும் இல்லை என்று யாரும் சொல்லவில்லை. இது மனநல மருத்துவர் பார்த்துக் குணப்படுத்தக்கூடியது. பேச்சு வழியிலும் மருந்து வழியிலும் நல்ல சிகிச்சை இருக்கிறது. கவலையும் அப்படித்தான்; பாவு வந்த பிறகும், கடன் தீர்ந்த பிறகும், மாதக்கணக்கில் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டே இருந்தால் அதற்கும் வைத்தியம் உண்டு. 14416 என்ற டெலிமானஸ் எண்ணை எந்த நேரமும் கூப்பிடலாம், கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம். 2022இலிருந்து இயங்குகிறது. சுவரில் காலண்டருக்குப் பக்கத்தில் எழுதி வையுங்கள். அரசு மாவட்ட மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது.

மருத்துவரிடம் போகும்போது வீட்டில் பேசும் சொல்லையே சொல்லுங்கள். "அடிவயித்துலேர்ந்து ஏதோ ஏறி வந்து தொண்டையை அடைக்குது" என்றால் அது நல்ல தகவல். எப்போது வருகிறது, எவ்வளவு நேரம் இருக்கிறது, என்ன செய்தால் அடங்குகிறது என்று கூடவே சொல்லிவிட்டால் பாதி வேலை முடிந்தது. வீட்டில் யாராவது "ஒரு மாதிரியா இருக்கு" என்றால், "எந்த மாதிரி? படபடப்பா, கவலையா, யாரையாச்சும் நெனச்சா?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டுப் பொறுமையாக இருங்கள். முதல் பதில் "ஒண்ணும் இல்ல" என்றுதான் வரும்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் தெருவில், உங்கள் தொழிலில், உங்கள் பாட்டி வாயில் இதற்கு என்ன சொல் வழங்குகிறது? "திக்குதிக்குங்குது", "பகீர்னு இருக்கு", "வயித்துல புளியக் கரைக்குது", "நெஞ்சு பதறுது", "உசுரு நிக்கல" என்று எங்கள் அலுவலகத்தில் இருப்பவர்களிடமிருந்தே ஒரு பக்கம் சேர்ந்துவிட்டது. கடலோரத்தில் வலை இழுப்பவர்கள் என்ன சொல்கிறார்கள்? மலையில் தேயிலை பறிப்பவர்கள்? யாழ்ப்பாணத்தில்? மலேசியாவில்? எந்த நேரத்தில், யாரிடம் சொல்வார்கள், கேட்டவர் என்ன செய்வார் என்பதையும் சேர்த்து ஒரு அஞ்சலட்டையில் எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் அதற்கென்று பக்கம் ஒதுக்கியிருக்கிறோம். மனநல மருத்துவர் ஒருவரிடம் அவற்றைக் கொடுத்து, ஒவ்வொரு சொல்லையும் அவர் எப்படிக் கேட்டுக்கொள்கிறார் என்று எழுதித் தரச் சொல்லப்போகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்