மலைப்பிள்ளைகளுக்கும் எட்டும் கல்லூரிக் கதவு



கல்வி நிர்வாகி ஒருவரின் முடிவு எவ்வளவு தூரம் போய்ச் சேரும் என்பதற்கு மு. ஆனந்தகிருஷ்ணனின் பணி சிறந்த சான்று. 1990 முதல் 1996 வரை அண்ணா பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தவர் அவர். பொறியியல் சேர்க்கைக்கு ஒற்றைச்சாளர முறை வர முன்னின்றார். கல்லூரி கல்லூரியாக அலையும் செலவும் சிபாரிசு தேடும் அவலமும் அதனால் குறைந்தன. பின்னர், 2006-இல் அவர் தலைமையிலான குழு நுழைவுத்தேர்வை நீக்கப் பரிந்துரைத்தது. மறு ஆண்டே அது சட்டமானது. நுழைவுத்தேர்வுப் பயிற்சி மையங்கள் நகரங்களில் இருக்க, கவுஞ்சி, கிளாவரை போன்ற கொடைக்கானல் மேல்மலை ஊர்களின் பூண்டு விவசாயி வீட்டுப் பிள்ளை எங்கே போய்ப் பயில்வது? பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணாவது அந்தப் பிள்ளையின் சொந்த உழைப்பு.

தரம் தாழ்ந்துவிடும் என்றார்கள் எதிர்த்தவர்கள். நுழைவுத்தேர்வு பெரிதும் அளந்தது பயிற்சிக்குச் செலவிடும் வசதியைத்தான் என்பதே என் கருத்து. சேர்ந்தவர்கள் தடுமாறுகிறார்களே என்ற கேள்வியில் நியாயம் உண்டு. அதற்கு விடை விடுதி, அடிப்படைப் பாடங்களுக்கான இணைப்பு வகுப்பு, எல்லாச் சமூகங்களிலிருந்தும் வரும் ஆசிரியர்கள். கதவை மறுபடி சாத்துவது அல்ல. கொடைக்கானலிலேயே 1984 முதல் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் இருக்கிறது. ஆனால் அருகில் இருப்பது மட்டும் போதாது; விண்ணப்பிக்கவும் உதவி வேண்டும். உயர்கல்வி அதிகாரிகள் விண்ணப்பக் காலத்தில் மன்னவனூருக்கும் பளியர் குடியிருப்புகளுக்கும் நேரில் வந்து, படிவம், சாதிச்சான்று, உதவித்தொகை மூன்றையும் ஒரே இடத்தில் முடித்துத் தர வேண்டுகிறேன்.

வாசகர்,
மன்னவனூர், கொடைக்கானல் வட்டம்