பிள்ளைகளும் மாவு பிசையட்டும்!

புரட்டாசி பிறந்தால் தர்மபுரி மாவட்டத்தில் வெயில் தணியும். மாலையில் மழை வரும். மானாவாரி நிலத்தில் சாமை முற்றி நிற்கும். கேழ்வரகு கதிர் விடும்.

காலாண்டுத் தேர்வு முடிந்து, பள்ளிக்கூடத்துக்கும் விடுமுறை விடுவார்கள். பிறகு ஆயுத பூஜை, தீபாவளி, கார்த்திகை தீபம் என்று பண்டிகைகள் வரிசையாக வரும்.

பிள்ளைகள் வீட்டில் இருக்கும் காலம் இது.

வீட்டில் இருந்து என்ன செய்கிறார்கள்?

பல வீடுகளில், பிள்ளையின் ஒரு கையில் செல்போன். இன்னொரு கையில் கடையில் வாங்கிய பொரித்த பண்டப் பாக்கெட். செல்போனைப் பிடுங்கினால் அழுகை. பாக்கெட் காலியானால் மறுபடியும் அழுகை!

இதற்காகப் பெற்றோரைத் திட்டுவதில் பயன் இல்லை. இந்த மாவட்டத்தில் இருந்து எத்தனையோ பேர் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் ஓசூருக்கும் வேலைக்குப் போகிறார்கள். பிள்ளை பாட்டியிடம் வளர்கிறது. தீபாவளிக்கு அப்பா வருகிறார். பை நிறைய பிளாஸ்டிக் காரும் பலகாரப் பாக்கெட்டும் கொண்டு வருகிறார்.

அது பாசம்தான். அதை யாரும் குறை சொல்ல முடியாது.

ஆனால், இரண்டு நாளில் காரின் சக்கரம் கழன்று விடுகிறது. பாக்கெட் பத்து நிமிடத்தில் தீர்ந்து விடுகிறது. மூன்றாம் நாள் அப்பா பஸ் ஏறி விடுகிறார். பிள்ளையிடம் மிச்சம் இருப்பது என்ன?

அந்த மூன்று நாளில் ஒரு நாள், ஒரு மணி நேரம், பிள்ளையோடு உட்கார்ந்து ஏதாவது ஒரு பொருளைச் செய்யுங்கள். இதுதான் நாம் சொல்ல வந்தது.

சிட்லிங்கியில் நடந்தது

"இது என்ன பெரிய காரியம்?" என்று கேட்கலாம். பெரிய காரியம்தான். இதே மாவட்டத்தில் ஒரு சாட்சி இருக்கிறது.

அரூர் பக்கத்தில், மலைகளுக்கு நடுவே, சிட்லிங்கி என்ற பள்ளத்தாக்கு இருக்கிறது. அங்கே லம்பாடி மக்கள் வாழ்கிறார்கள். அவர்களுடைய பெண்கள் கண்ணாடித் துண்டுகளையும் வண்ண நூலையும் வைத்து, துணியில் அழகான பூ வேலை செய்வார்கள்.

காலம் மாறியது. கடைத் துணி வந்தது. பழைய உடை போனது. அதோடு பூ வேலையும் போனது. கடைசியில், அந்தத் தையலை நன்றாக அறிந்தவர்கள் இரண்டே இரண்டு மூதாட்டிகள்தான் என்ற நிலைமை ஆகிவிட்டது!

1993-ம் ஆண்டு முதல் அங்கே மலைவாழ் மக்களுக்காக மருத்துவமனை நடத்தி வரும் ரெஜி ஜார்ஜ், லலிதா ஆகிய டாக்டர் தம்பதியரில் லலிதா இதைக் கவனித்தார். அவருடைய முயற்சியால், அந்த இரண்டு மூதாட்டிகளும் இளம் பெண்களுக்குத் தையலைக் கற்றுக் கொடுத்தார்கள். இன்று "போர்கை" என்ற பெயரில் அந்தப் பெண்கள் சேர்ந்து வேலை செய்கிறார்கள். அவர்கள் மொழியில் "போர்கை" என்றால் "பெருமை" என்று பொருள். அவர்கள் தைத்த துணி வெளியூர்களிலும் விற்கிறது.

இரண்டு பேராவது மிச்சம் இருந்தார்கள். அதனால் பிழைத்தது. அவர்களும் போயிருந்தால்?

கைவேலை ஏட்டில் இருப்பது இல்லை. ஒருவர் கையில் இருந்து இன்னொருவர் கைக்கு வருவது. நடுவில் ஒரு தலைமுறை விட்டு விட்டால் போயே போய்விடும்!

களி கேவலமா?

நம்முடைய சமையல் கட்டுக்கும் இது பொருந்தும்.

தர்மபுரி, கேழ்வரகு விளையும் மண். களியும் கூழும் அடையும் சாப்பிட்டு உழைத்த மக்கள் இவர்கள். பிறகு, "அரிசிச் சோறுதான் கௌரவம், களி ஏழை சாப்பாடு" என்ற எண்ணம் வந்தது. "வீட்டில் களி சாப்பிட்டேன்" என்று சொல்லப் பிள்ளைகள் வெட்கப்பட்டார்கள்.

உண்மை என்ன?

100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. தீட்டிய அரிசியில் அதில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. வளரும் பிள்ளையின் எலும்புக்கும் பல்லுக்கும் வேண்டிய சத்து அது.

உலகமும் இதை ஒப்புக்கொண்டு விட்டது. 2023-ம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை, சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. அதே ஆண்டு தமிழக அரசு, நீலகிரி, தர்மபுரி மாவட்டங்களின் ரேஷன் கடைகளில் 2 கிலோ அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கியது.

கேழ்வரகு வீட்டுக்கு வந்துவிட்டது. பிள்ளையின் வாய்க்குப் போக வேண்டுமே! அதற்கு ஒரு வழி உண்டு. பிள்ளையையே செய்ய விடுங்கள். தன் கையால் செய்த பண்டத்தை எந்தப் பிள்ளையும் தட்டில் மிச்சம் வைக்காது.

சிமிலி செய்வோம்

பாட்டிமார் செய்த சிமிலி, பிள்ளைகளும் சேர்ந்து செய்வதற்கு ஏற்ற பலகாரம்.

இரண்டு டம்ளர் கேழ்வரகு மாவு, ஒரு டம்ளர் வறுத்த வேர்க்கடலை, ஒரு டம்ளர் பொடித்த வெல்லம், ஒரு சிட்டிகை உப்பு. இவ்வளவுதான் வேண்டும்.

மாவில் உப்புப் போட்டு, தண்ணீர் தெளித்துக் கெட்டியாகப் பிசைய வேண்டும். இது பிள்ளையின் வேலை. பிசைந்த மாவைத் தோசைக் கல்லில் அடையாகத் தட்டி, இரண்டு பக்கமும் வேகும்படி சுட வேண்டும். இது பெரியவர் வேலை. நெருப்புப் பக்கம் பிள்ளையை விட வேண்டாம்.

அடை ஆறியதும் அதைப் பிய்த்துப் போடுவது பிள்ளையின் வேலை. வேர்க்கடலையின் தோலை ஊதி எடுப்பதும் பிள்ளையின் வேலை. பிறகு அடை, கடலை, வெல்லம் மூன்றையும் உரலில் போட்டுப் பெரியவர்கள் இடிக்க வேண்டும். உரல் இல்லாத வீட்டில் மிக்சி போதும். எல்லோரும் உட்கார்ந்து உருண்டை பிடிக்கலாம்.

ஒரு உருண்டை பெரிதாக இருக்கும். இன்னொன்று கோணலாக இருக்கும். இருக்கட்டும்! "நான் செய்தது" என்று பிள்ளை சொல்லுமே, அதற்கு விலை உண்டா?

மண்ணும் ஓலையும்

விளையாட்டுப் பொருளுக்கும் கடைக்குப் போக வேண்டியது இல்லை. சோளத் தட்டையில் மாட்டு வண்டி செய்யலாம். தென்னை ஓலையில் காற்றாடி செய்து, முள்ளில் குத்தி, ஓடலாம்.

ஏரிக் களிமண்ணைப் பிசைந்து, கட்டை விரலால் அழுத்தினால் அகல் விளக்கு ஆகிவிடும். இரண்டு மூன்று நாள் நிழலில் காய வையுங்கள். சூளையில் சுடாத விளக்கு எண்ணெயை உறிஞ்சும். ஆனாலும் கார்த்திகை அன்று கொஞ்ச நேரம் எரியும். தான் செய்த விளக்கு எரிவதைப் பார்க்கும் பிள்ளையின் முகத்தைப் பாருங்கள்!

படிப்பு கெடுமா?

"இதெல்லாம் விளையாட்டு. படிப்பு என்ன ஆவது?" என்று சில தந்தைமார் கேட்பார்கள்.

இதுவும் படிப்புதான். இரண்டு டம்ளருக்கு ஒரு டம்ளர் என்று அளக்கும் பிள்ளை கணக்குப் படிக்கிறது. விளக்கு ஏன் எண்ணெயை உறிஞ்சுகிறது என்று கேட்கும் பிள்ளை விஞ்ஞானம் படிக்கிறது.

இத்தாலி நாட்டு டாக்டர் மரியா மாண்டிசோரி அம்மையார், 1907-ம் ஆண்டு ரோம் நகரில் ஏழைக் குழந்தைகளுக்காக ஒரு பள்ளி தொடங்கினார். கை வேலை செய்தால்தான் குழந்தையின் அறிவு வளரும் என்பது அவருடைய கொள்கை. அவர் 1939-ம் ஆண்டு சென்னை அடையாறுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அவர் பெயரால் இன்று நகரங்களில் பள்ளிகள் நடக்கின்றன. அங்கே பணம் கட்டிக் கற்றுக் கொடுப்பதில் ஒரு பங்கு, நம் வீட்டுத் திண்ணையிலேயே கிடைக்கும்.

இன்னும் ஒன்று. பெண் பிள்ளையை மட்டும் மாவு பிசையச் சொல்லாதீர்கள். ஆண் பிள்ளையும் பிசையட்டும். நாளைக்கு அவன் வேலைக்காக வெளியூர் போய்த் தனியாக இருக்கும்போது, ஒரு அடை சுட்டுச் சாப்பிடத் தெரிய வேண்டாமா?

பிள்ளைக்குப் பிடிக்காவிட்டால் கட்டாயப்படுத்தவும் வேண்டாம். கூலி வேலை அல்ல இது. ஒன்றாக உட்கார்ந்து செய்கிற சந்தோஷம்.

வெளியூரில் இருக்கும் தந்தைமாரே! தாய்மாரே! இந்தத் தீபாவளிக்கு வரும்போது பையில் கொஞ்சம் குறைத்துக் கொண்டு வாருங்கள். பிள்ளையோடு உட்கார நேரத்தைக் கூடுதலாகக் கொண்டு வாருங்கள்.

ஊரில் இருக்கும் பாட்டிமாரே! உங்களுக்குத் தெரிந்த பலகாரம் ஒன்றை, கைவேலை ஒன்றை, இந்த விடுமுறையிலேயே பேரப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்து விடுங்கள். அடுத்த ஆண்டு என்று தள்ளிப் போட வேண்டாம்.