பீரோவில் தூங்கும் லைசென்ஸ்

கார் ஓட்டக் கற்றுக் கொடுக்க ஒரு பெண்மணி கிடைப்பாரா என்று பல வீடுகளில் தேடுகிறார்கள். கிடைப்பது அபூர்வம். பணச் செலவுதான் காரணம் என்று நினைத்து விடாதீர்கள், சகோதரிகளே!

டிரைவிங் ஸ்கூல் ஆசிரியருக்கு 1989-ம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகள் முக்கியமாகக் கேட்பவை மூன்று: 10-வது வகுப்புத் தேர்ச்சி, அரசாங்கம் ஒப்புக் கொண்ட மோட்டார் மெக்கானிக் சர்ட்டிபிகேட், 5 வருஷம் வண்டி ஓட்டிய அனுபவம்.

சர்ட்டிபிகேட்டுக்கு வழி இருக்கிறது. தமிழ்நாட்டு அரசு ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் படிப்பு 2 வருஷம். பயிற்சிக் கட்டணம் கிடையாது. பெண்களுக்கு வயது வரம்பும் இல்லை.

ஆனால் அந்த 5 வருஷத்தை எந்தக் கடையிலும் விலைக்கு வாங்க முடியாதே! 18 வயதில் லைசென்ஸ் வாங்கியவளுக்கும் 23 ஆகிவிடும். அதுவும், பட்டுப் புடவைக்கு அடியில் லைசென்ஸ் தூங்கினால் வயதுதான் கூடும், அனுபவம் கூடாது.

ஆகவே, உங்கள் பெண் லைசென்ஸுடன் வந்ததும், "ரோட்டிலே கூட்டம் ஜாஸ்தி, அண்ணா ஓட்டட்டும்" என்று சாவியைப் பிடுங்காதீர்கள். மார்க்கெட்டுக்கும் கோவிலுக்கும் அவளே ஓட்டட்டும். நாளைக்கு அவளிடம் கற்றுக் கொள்ளப் பல பெண்கள் வருவார்கள். முதல் மாணவி நீங்களாகவே இருக்கலாம்!