உள்ளுணர்வை நம்பலாமா?

வாழ்க்கையின் பெருந் தீர்மானங்களை மேற்கொள்ளும் வேளையில் “மனம் சொல்வதைக் கேள்” என்று புத்தி கூறுவது நம் நாட்டில் நெடுநாளைய வழக்கம். வீட்டை விற்பதா, வேலையை விடுவதா, மகளை மேற்படிப்புக்கு அனுப்புவதா என்று வினவி வருவோருக்குக் களப் பணியாளரும் ஆசிரியரும் பெரும்பாலும் இவ்வாறே விடையளிக்கின்றனர். சொல்வதற்கு எளிது, கேட்பதற்கும் இனிது. ஆயினும், மனம் சொல்வது எப்போது நம்பத்தக்கது என்பதை ஆராயாமல் இதைக் கூறுவது பொறுப்பைத் தட்டிக் கழிப்பதாகவே முடியும்.

உள்ளுணர்வு தெய்வ வாக்கும் அன்று. வெறும் மயக்கமும் அன்று. முன்பு கண்டறிந்த ஒன்றை மனம் மீண்டும் இனங்கண்டு கொள்வதே உள்ளுணர்வு என்பது, 1978இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்ற ஹெர்பர்ட் சைமன் தந்த விளக்கம். அமெரிக்கத் தீயணைப்புப் படைத் தலைவர்களை ஆராய்ந்த கேரி க்ளைன் என்னும் மனோதத்துவ நிபுணர் ஒரு நிகழ்ச்சியை எடுத்துரைக்கிறார். சமையலறையில் எரிந்த தீயின்மீது நீர் பாய்ச்சியும் அது தணியவில்லை. காரணம் விளங்காமலே தலைவர் தம் ஆட்களை வெளியேறுமாறு பணித்தார். சிறிது நேரத்தில் தரை இடிந்து விழுந்தது. தீயின் உறைவிடம் அடித்தளத்தில் இருந்தது. அறையின் மிகுந்த வெப்பமும், தீக்கு ஒவ்வாத அமைதியும் அவருடைய பல்லாண்டுப் பயிற்சிக்கு முரணாகத் தோன்றியதே அந்த எச்சரிக்கையின் காரணம் எனலாம்.

உள்ளுணர்வைப் பெரிதும் ஐயுற்றவர் டேனியல் கானமன். அதை மதித்தவர் க்ளைன். இவ்விருவரும் 2009இல் சேர்ந்து எழுதிய கட்டுரையில் இரண்டு நிபந்தனைகளில் உடன்பட்டனர். பழகும் சூழலில் ஓர் ஒழுங்கு இருத்தல் வேண்டும்; செய்ததன் பலனைக் கண்டு கற்பதற்குப் போதிய வாய்ப்பும் இருத்தல் வேண்டும். பயிரின் நிறங்கண்டு நோயை உணரும் உழவரிடமும், அழுகையைக் கேட்டே குழந்தையின் தேவையை அறியும் தாயிடமும் இவ்விரண்டும் உள்ளன. வாழ்க்கையின் பெருந் தீர்மானங்களோ ஒருமுறை அல்லது இருமுறையே வருபவை. அவற்றின் பலனும் பல ஆண்டுகள் கழித்தே தெரிகிறது. ஆகவே, உள்ளுணர்வு மிக உறுதியாகப் பேசும் அவ்வேளையில்தான் அதற்குப் பயிற்சி மிகக் குறைவாக இருக்கிறது.

இவ்வுண்மையை மும்பை டிராம்பேயில் உள்ள சீத்தா கேம்ப்பின் வரலாற்றோடு சேர்த்து நோக்குதல் பயன் தரும். பாபா அணு ஆராய்ச்சி நிலையத்தை அடுத்திருந்த ஜனதா காலனியில் ஏறத்தாழ 70,000 மக்கள் வாழ்ந்தனர். அவர்களுள் தமிழர் பலர். நெருக்கடி நிலை நிலவிய 1976ஆம் ஆண்டு மே மாதம் அவர்கள் அப்புறப்படுத்தப்பட்டு, சீத்தா கேம்ப்பில் குடியேற்றப்பட்டனர். எங்கே, எப்படி வாழ்வது என்னும் தீர்மானம் அவர்கள் கையில் இருக்கவில்லை. எளிய மக்களின் உணர்வு அறியாமை என்று ஒதுக்கப்படுவது, உள்ளுணர்வைக் கண்மூடி நம்புவதற்கு நேர் எதிரான மற்றொரு பிழையாகும்.

அந்தக் காலனியின் மக்களுக்காகப் போராடியவர், கோலார் தங்கவயலில் பிறந்து பம்பாய்க்கு வந்த ஜோக்கின் அற்புதம். 2000ஆம் ஆண்டில் மக்சேசே விருது பெற்ற அவர் தலைமை தாங்கிய தேசியக் குடிசைவாசிகள் கூட்டமைப்பும், நடைபாதைவாழ் பெண்களின் மகிளா மிலன் அமைப்பும் 1980களின் பிற்பகுதியில் ஒரு புது முறையைக் கையாண்டன. வரப்போகும் வீட்டின் மாதிரியை முழு அளவிலேயே கட்டி நிறுத்தி, மக்களை உள்ளே நடந்து பார்க்கச் செய்தன. உயரத்தைப் பெண்கள் தம் சேலையைக் கொண்டே அளந்தனர். கூரை 14 அடி உயர்ந்தால் பரண் அமைத்து இடத்தைப் பெருக்கலாம் என்பது அவர்கள் கண்ட முடிவு. நீர், அடுப்பு, உறங்குமிடம் ஆகியவற்றில் அன்றாடம் பழகிய அவர்களின் உணர்வு நம்பத்தக்கதாக இருந்தது. பழகாத வீட்டைப் பற்றிய ஐயத்தையோ, மாதிரியே தீர்த்து வைத்தது.

களப் பணியாளரும் ஆசிரியரும் கொள்ளத்தக்க பாடம் இதுவே. சீத்தா கேம்ப்பில் ஒரு குடும்பம் வீட்டை விற்றுச் சொந்த ஊர் திரும்பலாமா என்று கேட்குமாயின், மனம் சொல்வதைக் கேட்கச் சொல்வதோடு நிறுத்தலாகாது. இந்த எண்ணம் எந்த அனுபவத்திலிருந்து எழுந்தது? அந்த அனுபவம் புதிய இடத்துக்கும் பொருந்துமா? விற்பதற்கு முன் ஒரு மாதம் அங்கே தங்கிப் பார்க்க இயலுமா? இம்மூன்று வினாக்களையும் அவர்களோடு அமர்ந்து ஆராய வேண்டும். மேற்படிப்பை விட்டுவிட எண்ணும் மாணவனுக்கும், அந்தத் தொழிலில் சில நாட்கள் பழகிப் பார்க்கும் வாய்ப்பை அளித்தல் நூறு அறிவுரைகளினும் மேலானது.

கணக்கு ஒன்றே போதும் என்பதன்று இதன் கருத்து. உள்ளத்தின் உறுத்தலை மதித்து விசாரித்தல் வேண்டும். ஆனால் அதையே இறுதித் தீர்ப்பாகக் கொள்ளலாகாது. திரும்பப் பெற முடியாத அடியை எடுத்து வைக்குமுன், திரும்பப் பெறக்கூடிய சிறு அடி ஒன்றை எடுத்து வைத்தல் எளியவர்க்கும் இயலும். அதற்கு வழிகாட்டுதலே அரசாங்க ஊழியரும் ஆசிரியரும் ஆற்றத்தக்க தொண்டாகும்.