லண்டனில் நாளுக்கு ஓரிடம்

லண்டனுக்குக் குடும்பத்தோடு கிளம்புகிறவர்கள் போடும் பட்டியலைப் படித்தாலே எனக்குக் கால் வலிக்கிறது. காலையில் டவர் கோட்டை, பிறகு பக்கிங்காம் அரண்மனை, மதியம் மியூசியம், மாலையில் ராட்சத ராட்டினம். பாட்டியும் ஆறு வயதுப் பேரனும் இதில் எங்கே உட்காருவார்கள்? நாளுக்கு ஓரிடம் போதும் என்பேன். அதற்குத் தோதான ஊர்தான் அது. பிரிட்டிஷ் மியூசியம், சவுத் கென்சிங்டனில் இருக்கும் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் இரண்டிலும் பொது அனுமதி இலவசம். காசு கொடுத்து நுழைந்தால் கடைசி அறைவரை பார்த்துத் தீர்க்காமல் நம்மவர்கள் விடமாட்டார்கள். சும்மா நுழைந்த இடத்தில், கூரையிலிருந்து தொங்கும் நீலத் திமிங்கல எலும்புக்கூட்டை அண்ணாந்து பார்த்துவிட்டு, பிள்ளை சிணுங்கியதும் வெளியே வந்துவிடலாம்; மறுநாள் மிச்சத்தைப் பார்க்கலாம். ஊருக்குள் சுற்றுவதிலும் அவசரம் வேண்டாம். லண்டன் சுரங்க ரயில் 1863இல் தொடங்கியது. பழைய நிலையங்கள் பலவற்றில் லிஃப்ட் கிடையாது, படிதான். முட்டிவலிக்காரர்கள் கூட வந்தால் 2022இல் திறந்த எலிசபெத் ரயில் தடத்தையோ பேருந்தையோ நம்புங்கள். 15ஆம் எண் பேருந்தின் மாடியில் முன்சீட்டு கிடைத்தால் பேரனுக்கு அதுவே சுற்றுலா: டவர் கோட்டை, செயின்ட் பால் பேராலயம், ஃப்ளீட் தெரு எல்லாம் கண்ணாடிக்கு வெளியே வந்து போகும். 11 வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் பேருந்தில் கட்டணமும் இல்லை. ஜூனில் இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும். அதனால் மதியம் அறைக்குத் திரும்பி ஒரு குட்டித் தூக்கம் போடலாம். அவ்வளவு செலவழித்துப் போய்த் தூங்கினீர்களா என்று ஊரில் கேட்பார்கள், கேட்கட்டும்.