மலைக்கு ஒளி, மண்ணுக்கு நியாயம் எங்கே?

1910-ம் ஆண்டில் பாரிஸ் கண்காட்சி ஒன்றில் ஜார்ஜ் கிளாட் என்பவர் நியான் விளக்கை ஏற்றிக் காட்டினார். சில ஆண்டுகளுக்குள் அது வியாபாரிகளின் கைக்குப் போயிற்று. சரக்கு விற்பதற்காக இரவெல்லாம் கண் சிமிட்டியது. வண்ண ஒளிக்கு வேறு வேலையே கிடையாதா?

உண்டு. ஆஸ்திரேலியாவின் நடுவிலுள்ள ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரில் 2016 முதல் 'பர்ச்சிமா' என்னும் ஒளித் திருவிழா நடக்கிறது. ஆதிக்குடி ஓவியர்களின் சித்திரங்கள் விளக்கொளியில் உயிர் பெறுகின்றன. மக்டானல் மலைத்தொடரில் இரண்டரை கிலோமீட்டர் நீளத்துக்கு வண்ண ஒளி பாய்கிறது. அந்த மண்ணின் சொந்தக்காரர்களான அரெண்டே மக்களுக்கு அது வெறும் கல்மலை அல்ல. ஆதிகாலத்துப் புழுக்கள் உண்டாக்கிய மலை. அவற்றில் ஒரு புழு தின்று வளர்வது, நம் வரப்பில் படரும் மூக்கிரட்டையின் இனத்தைச் சேர்ந்த கொடி! புழுவையும் கொடியையும் முன்னோராகப் போற்றும் ஜனங்களின் கலை ஒளி பெறுவதை மனமார வரவேற்கிறோம்.

ஆனால் பகலில் நடந்தது என்ன? அந்தப் புழுக்களில் ஒன்றின் வாலாக அவர்கள் மதித்த மேட்டை, 1983 வாக்கில் சாலை போடுவதற்காக வெட்டினார்கள். 'வாக்குத் தவறிய சாலை' என்றே ஜனங்கள் அதை அழைத்தார்கள். பிறகு புழுக்களின் புனித இடத்தில் வெள்ளத்தடுப்பு அணை கட்டத் திட்டமிட்டார்கள். ஆதிக்குடிப் பெண்கள் உறுதியாக எதிர்த்து நின்றார்கள். 1992-ல் மத்திய மந்திரி அந்த அணைக்கு 20 ஆண்டுத் தடை போட நேர்ந்தது. மலையைக் காத்தது விளக்கல்ல, போராட்டம்!

கூலியின் கதையும் இதுவே. அதே வட பிரதேசத்தில், வெஸ்டி பிரபுவின் வேவ் ஹில் மாட்டுப் பண்ணையில் குரிஞ்சி மக்கள் அற்பக் கூலிக்கு உழைத்தார்கள். 1966-ல் வின்சென்ட் லிங்கியாரி தலைமையில் சுமார் 200 பேர் குடும்பத்தோடு வெளியேறினார்கள். முதலில் கூலி கேட்டவர்கள், பின்னர் நிலத்தையே கேட்டார்கள். தொழிற்சங்கங்கள் கைகொடுத்தன. ஒன்பது ஆண்டு உறுதிக்குப் பின், 1975-ல் நிலத்தின் ஒரு பகுதி அவர்களிடம் திரும்பி வந்தது.

ஆகவே, ஒளித் திருவிழாவை அளக்கும் கோல் ஒன்றுதான். விளக்கு அணைந்த மறுநாள் காலையில் அந்த மலை யார் சொல்லுக்குக் கட்டுப்படுகிறது? புழுவின் படத்துக்குக் கை தட்டுவது சுலபம். புழுவின் மலையையும், அதைக் காக்கும் மனிதனின் நிலத்தையும் கூலியையும் மதிப்பதே மரியாதை. ஆலைத் தொழிலாளியும் விவசாயக் கூலியும் இதை நன்றாக அறிவார்கள். விழா நாளில் மாலை போட்டு, மறுநாள் வயிற்றில் அடிக்கும் முதலாளிகளை நாம் பார்த்ததில்லையா?