செயலிக்கு முன் பயிற்சி

சிங்கப்பூரில் வருகைப் பதிவும் விடுப்பும் சம்பளச் சீட்டும் கைப்பேசிச் செயலிகளுக்கு மாறிவருகின்றன. ஊழியர்களுக்குப் புதிய மென்பொருளைக் கொண்டுவரத் திட்டமிடும் நிறுவனம், கட்டுமானத் தளத்தில் நிற்கும் தொழிலாளியை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். 2020-இல் கொவிட்-19 பரவியபோது, விடுதிகளில் தங்கியிருந்த 3 லட்சத்துக்கும் மேற்பட்ட வெளிநாட்டு ஊழியர்களின் அன்றாடம் மனிதவள அமைச்சின் செயலிகளோடு பிணைந்தது. ஒன்றில் உடல் வெப்பநிலையைப் பதிந்தார்கள். எஸ்ஜிவொர்க்பாஸ் செயலியில் பச்சை நிறம் தெரிந்தால்தான் வேலைக்குப் போக முடிந்தது. 2022 ஜூன் முதல், ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவுக்குச் செல்லவும் அதிலேயே அனுமதி கோர வேண்டியிருந்தது. பிழைப்பையும் ஓய்வையும் தீர்மானிக்கும் கருவியை அரைகுறையாகக் கற்பிப்பது நியாயமாகாது.

எல்லாரிடமும் கைப்பேசி இருக்கும்போது பயிற்சி எதற்கு என்று சிலர் கேட்கலாம். காணொளி பார்ப்பதில் தவறு நேர்ந்தால் நட்டமில்லை. வருகைப் பதிவில் நேர்ந்தால் கூலி குறையும். வேலை நேரத்தில் கற்பித்தால் செலவு கூடும் என்பது உண்மைதான். ஆனால், தவறிய பதிவுகளைப் பின்னர் ஒவ்வொன்றாகத் திருத்துவதற்கும் ஆளும் நேரமும் வேண்டும். பழைய முறையைச் சில வாரங்கள் தொடர்வதற்குச் சட்டமும் தடையில்லை. 2016 ஏப்ரல் 1 முதல் கட்டாயமான விவரச் சம்பளச் சீட்டைத் தாளிலும் தரலாம். ஆகவே, முதலாளிகள் சிறு குழுவில் சோதித்து, தமிழிலும் வங்காளத்திலும் சீனத்திலும் விளக்கி, தளத்திலேயே உதவியாளரை நிறுத்திய பிறகே பழைய முறையைக் கைவிட வேண்டும்.